தீயும் பனியும்: வானிலிருந்து ஒரு பார்வை

வாசிக்கும் முன் சிந்திக்க
• எரிமலையின் உச்சியில் பனி உறைந்து கிடக்க முடியுமா?
• மறைந்துவரும் ஓர் இயற்கைக் காட்சியைத் தேடிச் சென்று பார்ப்பது சரியா?

எடைக் கருவியின்மேல்

ஐஸ்லாந்தின் தலைநகரம் ரெய்க்யாவிக். நகரின் மையப் பகுதியிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது. எரிமலைகளையும் பனியாறுகளையும் வானிலிருந்து பார்க்க விரும்பும் சுற்றுப்பயணிகள் இங்கிருந்துதான் ஹெலிகாப்டரில் ஏறுகிறார்கள்.

ஏறுவதற்கு முன் அவர்களுக்கு ஒரு சிறிய சங்கடம் காத்திருக்கிறது. ஒவ்வொருவரும் எடைக் கருவியின்மேல் ஏறி நிற்க வேண்டும். கையில் உள்ள பையும் கேமராவும்கூட எடை போடப்படும். யார் எந்த இருக்கையில் அமர வேண்டும் என்பதை விமானியே முடிவு செய்வார். நண்பர்கள் அருகருகே அமர வேண்டும், சன்னலோர இருக்கை வேண்டும் என்ற வேண்டுகோள்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதற்குக் காரணம் உண்டு. ஹெலிகாப்டர் தன் தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளின் பலத்தில் காற்றில் தொங்குகிறது. ஒரு கோலில் தொங்கும் தராசைப் போல, எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊர்தியும் அந்தப் பக்கமாகச் சாயும். சுற்றுலாவுக்குப் பயன்படும் ஹெலிகாப்டர்களில் பல, விமானியுடன் ஐந்து அல்லது ஆறு பயணிகளை மட்டுமே ஏற்றிச் செல்பவை. இத்தகைய சிறிய ஊர்தியில் ஒருவர் இடம் மாறி அமர்ந்தாலும் எடைச் சமநிலை மாறும்.

அடுத்து, பாதுகாப்பு விதிகள் விளக்கப்படுகின்றன. ஹெலிகாப்டரை எப்போதும் விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கத்திலிருந்தே நெருங்க வேண்டும். வால்பகுதிக்கு அருகில் போகவே கூடாது. வாலில் உள்ள சிறிய இறக்கை மிக வேகமாகச் சுழல்வதால் அது கண்ணுக்குத் தெரியாது. தொப்பி, கழுத்துத்துணி போன்றவற்றைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். காற்றில் பறந்து செல்லும் ஒரு துணி இறக்கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கதவுகள் மூடப்படுகின்றன. பயணிகள் ஹெட்செட்டைக் காதுகளில் மாட்டிக்கொள்கிறார்கள். இரைச்சல் அடங்கி, விமானியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. ஊர்தி ஓடுபாதையில் ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே மேலெழுகிறது.

விரிந்து செல்லும் நிலம்

சில நிமிடங்களில் நகரத்தின் வண்ணக் கூரைகள் பின்தங்கிவிடுகின்றன. கீழே மரங்கள் மிகக் குறைவு. கறுத்த பாறைகளும் அவற்றின்மேல் படர்ந்த சாம்பல் பச்சை நிறப் பாசியும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரிகின்றன. ஒரு காலத்தில் நெருப்பாக ஓடிய எரிமலைக்குழம்பு குளிர்ந்து இறுகியதே இப்பாறை.

பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றுள் வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன. அந்த எல்லைக்கோட்டின் பெரும்பகுதி கடலுக்கடியில் மறைந்து கிடக்கிறது. ஐஸ்லாந்தில் மட்டும் அது நிலத்தின்மேல் வெளிப்பட்டு நிற்கிறது. இரண்டு தட்டுகளும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. விரல் நகம் வளரும் வேகத்தைவிட இது அதிகமில்லை. ஆனாலும், பல்லாயிரம் ஆண்டுகள் தொடர்ந்ததால் இந்த மெல்லிய விலகல் பெரும் பள்ளத்தாக்குகளை உருவாக்கிவிட்டது.

தலைநகருக்குக் கிழக்கே உள்ள திங்வெட்லிர் பள்ளத்தாக்கில் இதைத் தெளிவாகக் காணலாம். தரையில் நின்று பார்ப்பவருக்கு அங்கே உயர்ந்த பாறைச் சுவர் ஒன்றுதான் தெரியும். வானிலிருந்து பார்ப்பவருக்கோ, நிலம் நீளவாக்கில் பல இடங்களில் கிழிந்திருப்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். ஐஸ்லாந்து மக்கள் 930ஆம் ஆண்டில் தங்கள் பொதுமன்றத்தை முதன்முதலாகக் கூட்டியதும் இதே பள்ளத்தாக்கில்தான்.

தட்டுகள் விலகும் இடத்தில் கீழிருந்து பாறைக்குழம்பு மேலே வர வழி கிடைக்கிறது. அதனால்தான் இச்சிறிய தீவில் ஏறத்தாழ 30 எரிமலைத் தொகுதிகள் இன்னும் உயிர்ப்புடன் இருக்கின்றன.

பனிக்குக் கீழே நெருப்பு

ஹெலிகாப்டர் கிழக்கே செல்லச் செல்ல, தொடுவானில் வெண்மையான ஒரு கோடு தோன்றுகிறது. பலர் அதை மேகம் என்று எண்ணிவிடுகிறார்கள். நெருங்கிய பிறகுதான் அது பனி என்று தெரிகிறது. ஐஸ்லாந்தின் பரப்பளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பகுதியைப் பனியாறுகள் மூடியுள்ளன. அவற்றுள் மிகப் பெரியது வாட்னயோகுல். "யோகுல்" என்றால் அந்நாட்டு மொழியில் பனியாறு என்று பொருள். வாட்னயோகுலின் பரப்பளவு ஏறத்தாழ 7,700 சதுர கிலோமீட்டர். அது சிலாங்கூர் மாநிலத்தைவிடச் சற்றே சிறியது. அதன் சராசரித் தடிமன் ஏறத்தாழ 400 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை அங்கே நிறுத்தினால், பல இடங்களில் அதன் உச்சி மட்டுமே வெளியே தெரியும்.

பனியாறு ஒரே நாளில் உருவாவதில்லை. குளிர்காலத்தில் பெய்த பனி கோடையில் முழுவதும் உருகாமல் எஞ்சுகிறது. அதன்மேல் மறு ஆண்டின் பனி விழுகிறது. இவ்வாறு அடுக்கடுக்காகச் சேர்ந்த பனி, தன் எடையாலேயே நசுங்கிக் கெட்டியான பனிக்கட்டியாகிறது. பிறகு அது மலைச்சரிவில் மெல்ல மெல்ல நகரத் தொடங்குகிறது. அவ்வாறு நகர்வதால்தான் அதை "ஆறு" என்கிறோம். வளைவிலும் சரிவிலும் நகரும்போது பனி விரிசல் கண்டு ஆழமான பிளவுகள் தோன்றுகின்றன. மேலிருந்து பார்க்கும்போது அவை முதியவரின் முகத்துச் சுருக்கங்களைப் போலத் தெரிகின்றன.

பிளவுகளுக்குள் நீல நிறம் ஒளிர்கிறது. வானத்தின் நிறம் அங்கே பிரதிபலிப்பதாகச் சிலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. காற்றுக்குமிழ்கள் வெளியேறிய கெட்டியான பனிக்கட்டி, ஒளியில் உள்ள சிவப்பு நிறத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய நீலமே கண்ணுக்கு வந்து சேர்கிறது. பனிச்சரிவின் ஓரங்களில் கறுப்புக் கோடுகளும் காணப்படுகின்றன. அவை பழைய எரிமலை வெடிப்புகளின் சாம்பல் அடுக்குகள். எந்தச் சாம்பல் எந்த வெடிப்பில் வந்தது என்பதை ஆய்வாளர்கள் கணித்துவிடுகிறார்கள். எழுதப்படாத வரலாறு அங்கே பனியில் பதிவாகியிருக்கிறது.

இந்த வெண்மைக்கு அடியில் எரிமலைகள் இருக்கின்றன என்பதே ஐஸ்லாந்தின் வியப்பு. 1996ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் வாட்னயோகுலின் அடியில் ஓர் எரிமலை வெடித்தது. மேலே இருந்த பனி உருகி, பனிக்கடியில் இருந்த ஏரி ஒன்றில் வாரக்கணக்கில் நீர் சேர்ந்துகொண்டே இருந்தது. அந்த நீர் ஒருநாள் உடைத்துக்கொண்டு வெளிவரும் என்பதை அறிவியலாளர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களுடைய எச்சரிக்கையால் சாலை மூடப்பட்டது. நவம்பர் 5ஆம் நாள் வெள்ளம் பாய்ந்தது. வீடுகளின் அளவுள்ள பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு வந்து, நெடுஞ்சாலைப் பாலங்களைச் சிதைத்துவிட்டுக் கடலில் கலந்தது. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வெள்ளத்தில் முறுக்கிக்கொண்ட இரும்பு உத்தரம் ஒன்று இன்றும் சாலையோரத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

ஒரு மலை உலகை நிறுத்திய வாரம்

தென்கரையை நோக்கித் திரும்பும் ஹெலிகாப்டரின் சன்னலில், பனித்தொப்பி அணிந்த ஒரு மலை தெரிகிறது. உயரம் 1,651 மீட்டர். அதன் பெயர் எயாஃபியாட்லயோகுல். "தீவுமலைப் பனியாறு" என்பது அதன் பொருள். 2010ஆம் ஆண்டுக்கு முன் ஐஸ்லாந்துக்கு வெளியே இப்பெயரை அறிந்தவர் மிகச் சிலர்.

அவ்வாண்டு மார்ச் 20ஆம் நாள் அம்மலையின் பக்கவாட்டில், பனி இல்லாத ஓரிடத்தில் முதல் வெடிப்பு நிகழ்ந்தது. நெருப்பு ஊற்றுகளைக் காணச் சுற்றுப்பயணிகள் நடந்தும் ஹெலிகாப்டரிலும் திரண்டு சென்றார்கள். சில வாரங்களில் அது அடங்கியது. ஆனால், ஏப்ரல் 14ஆம் நாள் மலையின் உச்சியில், பனிக்கு அடியில், இரண்டாவது வெடிப்பு தொடங்கியது. இம்முறை கதையே மாறிவிட்டது. கொதிக்கும் பாறைக்குழம்பும் உருகிய பனிநீரும் மோதியதால், குழம்பு நுண்ணிய துகள்களாகச் சிதறியது. அந்தச் சாம்பலைக் காற்று ஐரோப்பாவை நோக்கி அடித்துச் சென்றது. ஏறத்தாழ ஒரு வாரம் ஐரோப்பிய வானின் பெரும்பகுதி மூடப்பட்டது. ஏறத்தாழ 1 இலட்சம் விமானப் பயணங்கள் இரத்தாயின.

வெறும் சாம்பலுக்கு ஏன் இத்தனை அச்சம்? அதற்கு விடை, 1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் புறப்பட்ட ஒரு போயிங் 747 விமானத்தில் இருக்கிறது. இரவு நேரத்தில் அது ஜாவாத் தீவுக்கு அருகே பறந்துகொண்டிருந்தது. அப்போது கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது. உலர்ந்த சாம்பல் விமானத்தின் ராடாரில் தென்படவில்லை. இயந்திரங்களின் வெப்பத்தில் சாம்பல் உருகி, உள்ளே கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டது. நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பெரிய விமானம் ஒலியின்றிக் கீழே சறுக்கத் தொடங்கியது. சாம்பல் மேகத்தைவிட்டு வெளியே வந்து, குளிர்ந்த காற்றில் சாம்பல் உதிர்ந்த பிறகே இயந்திரங்கள் மீண்டும் இயங்கின. சாம்பல் உரசி மங்கிப்போன முகப்புக் கண்ணாடியின் வழியே அரைகுறையாகப் பார்த்தபடி விமானிகள் ஜக்கார்த்தாவில் விமானத்தைத் தரையிறக்கினார்கள். விமானத்தில் இருந்த 263 பேரும் உயிர் தப்பினர். இன்று உலகெங்கும் ஒன்பது மையங்கள் எரிமலைச் சாம்பலைக் கண்காணித்து விமானங்களுக்கு எச்சரிக்கை விடுக்கின்றன.

காட்சியும் கண்ணீரும்

தலைநகருக்குத் தென்மேற்கே ரெய்க்யானெஸ் தீபகற்பம் உள்ளது. அங்கே ஏறத்தாழ 800 ஆண்டுகள் எந்த எரிமலையும் வெடிக்கவில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் அந்த அமைதி கலைந்தது. ஃபாக்ரதால்ஸ்ஃபியாட் என்ற மலைப்பகுதியில் நிலம் பிளந்து எரிமலைக்குழம்பு வழிந்தது. ஆள் வசிக்காத பள்ளத்தாக்கு அது. எனவே, மக்கள் அதை ஒரு திருவிழாவைப் போலக் கண்டு களித்தார்கள். ஹெலிகாப்டர்கள் நாள்தோறும் வட்டமிட்டன. ஆறு மாதங்கள் வரை குழம்பு விட்டுவிட்டு ஓடியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தீபகற்பத்தில் காட்சி மாறியது. 2023ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் இரவு, கிரிண்டாவிக் என்ற மீனவர் ஊரில் நிலநடுக்கம் ஓயாமல் குலுக்கியது. ஊருக்கு அடியிலேயே பாறைக்குழம்பு பாய்ந்துகொண்டிருப்பதாக அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். 3,700க்கும் மேற்பட்ட மக்கள் அன்றிரவே கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். எரிமலைக்குழம்பைத் திசைதிருப்ப ஊரைச் சுற்றிப் பெரிய மண்மேடுகள் எழுப்பப்பட்டன. அவை பெருமளவு பயன் தந்தன. ஆயினும், 2024ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் மண்மேட்டுக்கு உட்புறமாகவே ஒரு பிளவு திறந்தது. மூன்று வீடுகள் எரிந்தன. தங்கள் வீடு எரிவதை அதன் உரிமையாளர்கள் தொலைக்காட்சி நேரலையில் பார்க்க நேர்ந்தது.

ஒருவருக்குக் கண்கொள்ளாக் காட்சியாக இருப்பது இன்னொருவருக்குக் கண்ணீராக இருக்கலாம். வானிலிருந்து பார்க்கும்போது எரிமலைக்குழம்பு, கறுப்புத் துணியில் இழைத்த செம்பொன் சரிகையைப் போல அழகாகத் தெரியும். அந்த உயரத்திலிருந்து வீட்டை இழந்தவரின் முகம் தெரியாது. அழகை வியக்கும் பயணி இதையும் நினைவில் கொள்வதே பண்பு.

திரும்பிவரும் துணிவு

இத்தகைய பயணங்களில் பணம் கட்டிய அனைவரும் நினைத்ததைப் பார்த்துவிடுவதில்லை. மேகம் தாழ்ந்தாலோ காற்று வலுத்தாலோ பயணம் இரத்தாகும். சில வேளைகளில், பனியாறு கண்ணுக்குத் தெரிந்துவிட்ட நிலையில்கூட விமானி ஹெலிகாப்டரைத் திருப்பிவிடுவார். பயணிகளுக்கு அது பெரும் ஏமாற்றம்தான்.

பனியின்மேல் பறப்பதில் ஒரு தனி ஆபத்து உண்டு. வானம் மூடியிருக்கும்போது நிழல்கள் மறைந்துவிடுகின்றன. மேலே வெண்மேகம், கீழே வெண்பனி. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே என்று தெரியாது. தரை பத்து மீட்டர் கீழே இருக்கிறதா, நூறு மீட்டர் கீழே இருக்கிறதா என்பதை அனுபவமிக்க கண்களாலும் கணிக்க இயலாது. பனியில் இறங்கும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. இறக்கைகள் கீழே தள்ளும் காற்று, தூள்பனியைக் கிளப்பி ஊர்தியையே மூடிவிடும். அதனால்தான் விமானிகள் பாறை, கொடி போன்ற ஏதேனும் ஓர் அடையாளத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், இறக்கைகள் தரும் தூக்குவிசையும் குறைகிறது.

இந்த ஆபத்து கற்பனையன்று. 2015ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், நியூசிலாந்தின் ஃபாக்ஸ் பனியாற்றைக் காணச் சென்ற ஹெலிகாப்டர் ஒன்று மோசமான வானிலையில் பனியின்மேல் மோதியது. விமானியும் ஆறு பயணிகளும் உயிரிழந்தனர். பனியாறு மறுநாளும் அங்கேதான் இருக்கும். அதைப் பார்க்க மனிதர் உயிரோடு இருக்க வேண்டும். "இன்று போக வேண்டாம்" என்று சொல்வது கோழைத்தனமன்று. காத்திருக்கும் பயணிகளின் முகவாட்டத்தையும் திருப்பித் தர வேண்டிய பணத்தையும் பொருட்படுத்தாமல் அவ்வாறு சொல்வதற்கே அதிகத் துணிவு வேண்டும்.

பெயரை இழந்த பனியாறு

"பனியாறு மறுநாளும் அங்கேதான் இருக்கும்" என்ற கூற்று மறுநாளுக்குப் பொருந்தும். அடுத்த தலைமுறைக்கு அது பொருந்துமா?

ஐஸ்லாந்தின் மேற்கே ஓக் என்ற பழைய எரிமலை இருக்கிறது. அதன் உச்சியில் இருந்த பனியாற்றுக்கு ஓக்யோகுல் என்று பெயர். ஆண்டுதோறும் உருகி உருகி, அது ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கியது. தன் எடையால் நகரும் அளவுக்குத் தடிமனாக இருந்தால்தான் அது பனியாறு. ஓக்யோகுல் நகர்வதை நிறுத்திவிட்டது. 2014ஆம் ஆண்டில், அது இனிப் பனியாறன்று என அந்நாட்டுப் பனியாற்று ஆய்வாளர் அறிவித்தார். பெயரிலிருந்து "யோகுல்" என்ற சொல் உதிர்ந்தது. "ஓக்" மட்டும் எஞ்சியது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மக்கள் மலையேறிச் சென்று, இறந்தவருக்குக் கல்வெட்டு வைப்பதைப் போல அங்கே ஒரு பலகையைப் பதித்தார்கள். வருங்காலத் தலைமுறைக்கு எழுதிய கடிதமாக அதன் வாசகம் அமைந்துள்ளது.

ஓக்யோகுல் தனியாக மறையவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை ஐஸ்லாந்தின் பனியாறுகள் இழந்த பரப்பளவு ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர். அது சிங்கப்பூரின் அளவுக்குச் சமம். இதில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. பனியின் எடை குறையும்போது கீழே உள்ள பாறையின்மேல் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பாறை எளிதில் உருகும். கடைசிப் பனியுகம் முடிந்தபோது ஐஸ்லாந்தில் எரிமலை வெடிப்புகள் கூடின. இப்போது உருகும் பனியும் அதுபோன்ற விளைவைத் தரலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

தென்கரையில் சோல்ஹெய்மயோகுல் என்ற பனியாறு இருக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் அதன் முனையில் ஓர் ஏரி தெரியும். ஒரு காலத்தில் அந்த இடத்திலும் பனியே இருந்தது. அருகிலுள்ள ஊரின் பள்ளி மாணவர்கள் 2010ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அங்கே செல்கிறார்கள். பனியின் விளிம்பு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பதை அளந்து பதிவு செய்கிறார்கள். அவர்களுக்கு வயது ஏறத்தாழ பன்னிரண்டுதான். அண்ணன் அக்காள் அளந்த இடத்தைத் தேடிச் சென்று, அங்கே பனி இல்லாததைத் தங்கை தம்பி பார்க்கிறார்கள். பருவநிலை மாற்றம் அவர்களுக்குப் பாடநூலில் வரும் ஒரு தலைப்பு மட்டுமன்று. அவர்களே எழுதிவைத்த எண்களின் பட்டியல் அது.

விடை எளிதல்லாத வினா

பயணம் முடிந்து ஹெலிகாப்டர் தலைநகருக்குத் திரும்புகிறது. இப்போது ஒரு வினா எழுகிறது. சிறிய ஹெலிகாப்டர் ஒரு மணி நேரம் பறக்க 150 லிட்டருக்கும் மேல் எரிபொருள் தேவை. அது எரிந்து வெளிவிடும் கரியமிலவாயு 350 கிலோவுக்கும் அதிகம். பனியை உருக்கும் வெப்பத்துக்குக் காரணமான வாயுவும் அதுதான். அப்படியானால், பனியைக் காணச் செல்பவரே அதைக் கரைக்கவும் உதவுகிறாரா?

ஒரு சாரார், "ஆம், பார்க்கும் ஆசைக்காக இயற்கையைப் பலியிடக் கூடாது. நடந்து சென்றும் பனியாற்றைப் பார்க்கலாம். மேலும், ஹெலிகாப்டரின் இரைச்சல் அந்த இடத்தின் அமைதியையும் பறவைகளையும் கலைக்கிறது," என்கின்றனர். மறு சாராரோ, "நடக்க இயலாத முதியோரும் உடற்குறை உள்ளோரும் பனியாற்றைக் காண வேறு வழி எளிதில் கிடைக்காது. கண்ணால் கண்டவர்களே அதைக் காக்க முன்வருவார்கள். சுற்றுப்பயணத்துறை பல குடும்பங்களுக்கு வாழ்வும் அளிக்கிறது," என்கின்றனர். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. பனிப்பிளவில் விழுந்தவரையும் வெள்ளத்தில் சிக்கியவரையும் மீட்டு வருவதும் ஹெலிகாப்டர்தான் என்பதையும் மறந்துவிட முடியாது.

ஆகவே, கேட்க வேண்டிய வினா "போகலாமா, கூடாதா?" என்பதோடு நின்றுவிடுவதில்லை. போனவர் எதைக் கற்றுக்கொண்டு திரும்பினார் என்பதும் முக்கியமாகும். கேமராவில் நூறு படங்களுடன் மட்டும் திரும்புபவரும் இருக்கிறார். கீழே கண்ட ஏரி முன்பு பனியாக இருந்தது என்ற எண்ணத்துடன் திரும்பி, தன் அன்றாட வாழ்வில் ஏதேனும் ஒன்றை மாற்றிக்கொள்பவரும் இருக்கிறார். இருவரும் செலவழித்த எரிபொருள் ஒன்றே. பெற்ற பயன் ஒன்றன்று.

இறக்கைகள் மெல்ல நிற்கின்றன. பயணிகள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்தபடி முன்பக்கமாக வெளியேறுகிறார்கள். அதே நேரத்தில், தென்கரையில் எங்கோ ஓர் இடத்தில், பனியாற்றின் விளிம்பிலிருந்து ஒரு துளி நீர் ஏரியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

சொற்பொருள்
மேலோடு – பூமியின் வெளிப்புறக் கெட்டிப் பகுதி
பாறைக்குழம்பு – நிலத்துக்கு அடியில் உருகிய நிலையில் உள்ள பாறை
எரிமலைக்குழம்பு – நிலத்துக்கு மேல் வந்து ஓடும் உருகிய பாறை
தொடுவானம் – வானமும் நிலமும் சேர்வதுபோல் தோன்றும் இடம்
உத்தரம் – பாலத்தையோ கூரையையோ தாங்கும் நீண்ட விட்டம்
தூக்குவிசை – ஊர்தியைக் காற்றில் மேலே எழச் செய்யும் விசை

கருத்துணர்தல்
1. பயணிகள் விரும்பிய இருக்கையில் அமர முடியாததற்கு என்ன காரணம்?
2. 2010ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு வெடிப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. 1996ஆம் ஆண்டு வெள்ளத்தில் உயிர்ச்சேதம் ஏற்படாததற்கு எது காரணமாக அமைந்தது?
4. 'பெயரை இழந்த பனியாறு' என்னும் துணைத் தலைப்பு எவ்வாறு பொருந்துகிறது?
5. "திரும்பிவரும் துணிவு" என்பதை உன் சொந்த அனுபவம் ஒன்றோடு தொடர்புபடுத்தி ஒரு பத்தி எழுதுக.

கலந்துரையாடுக
"அழிந்துவரும் இயற்கைக் காட்சிகளைக் காணும் சுற்றுப்பயணங்களைக் கட்டுப்படுத்த வேண்டும்." இக்கருத்தை ஆதரித்தோ மறுத்தோ, பகுதியில் உள்ள சான்றுகளுடன் குழுவில் வாதிடுக.